கோடிட்ட இடத்தில் நின்றுவிடாதீர்கள்

கேள்வி: வணக்கம் மேடம். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். தமிழ் மீடியத்தில் படித்து பி.காம். முடித்தேன். அண்ணன் வீட்டோடு தில்லி ராமகிருஷ்ணபுரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்கு, ரீசனிங் இரண்டிலும் பயமில்லை. இங்கிலீஷில் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விதான் ஆளைக் கவிழ்க்கிறது. நாலு நோட்டு நிறைய வார்த்தையும் அர்த்தமும் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். கொடுத்திருக்கும் நாலு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிகிறது, ஆனாலும் பத்துக்கு ஐந்து தப்பாகிறது. தப்பான மூன்று கேள்விகளை இத்துடன் எழுதியிருக்கிறேன். இங்கே வந்த புதிதில் எனக்கு ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாது, இப்போது காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிறேன். சின்ன வயதிலிருந்து படித்த இங்கிலீஷ் மட்டும் ஏன் இப்படி? கோச்சிங்கில் ஐயாயிரம் வார்த்தை உள்ள புத்தகம் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தப்பான மூன்று கேள்விகளையும் நீங்கள் தேர்ந்தெடுத்த விடையோடு அப்படியே எழுதி அனுப்பியது ரொம்ப உதவியாக இருந்தது. பலர் "இங்கிலீஷ் வரவில்லை" என்று மட்டும் எழுதுவார்கள், எந்த இடத்தில் வரவில்லை என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்கள் மூன்று தப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடுகிறது. உங்களுக்கு வார்த்தைப் பஞ்சம் ஏதும் இல்லை. கோடு வந்ததும் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு கீழே இருக்கும் நாலு வார்த்தைகளிடம் ஓடிவிடுகிறீர்கள், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்தத் தில்லியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததில், தமிழ் பேசும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்த்த தப்பு இதுதான். அதற்கு நம் மொழி கட்டியிருக்கும் விதத்திலேயே ஒரு காரணமும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் ஹிந்தியைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் பதில் அதில்தான் இருக்கிறது.

பேரம் பேசும் அளவுக்கு ஹிந்தி எப்படி வந்தது? நோட்டுப் போட்டு எழுதியிருக்க மாட்டீர்கள். மெட்ரோவில் போகும்போது 'தர்வாஸே' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருக்கும், உடனே கதவு திறந்திருக்கும். 'பாயீ' என்று சொன்ன ஸ்டேஷனில் இடது பக்கமும் 'தாயீ' என்று சொன்ன ஸ்டேஷனில் வலது பக்கமும் திறந்திருக்கும். முதல் நாள் ஊகித்தீர்கள், மறுநாள் அந்த ஊகம் சரிதானா என்று கதவே காட்டிக்கொடுத்தது, ஒரு வாரத்தில் அந்த வார்த்தை உங்களுடையதாகிவிட்டது. அர்த்தம் எழுதிய நோட்டு ஏதும் நடுவில் வரவில்லை.

இன்னொன்று. 'தனியா' என்று நம் வீட்டில் சொன்னால் சாம்பார்ப் பொடிக்கு அரைக்கிற விதை. தில்லிக் காய்கறிக்காரர் 'தனியா' என்று சொல்லிப் பையில் ஒரு கைப்பிடி போட்டால் அது பச்சைக் கொத்தமல்லி, கூட நாலு பச்சை மிளகாயும் சும்மாவே விழும். "தனியாவா வந்தே?" என்று அண்ணி கேட்டால் அங்கே விதையும் இல்லை, இலையும் இல்லை. ஒரே ஓசை, மூன்று அர்த்தம், ஒரு நாள்கூட நீங்கள் குழம்பியிருக்க மாட்டீர்கள். யார் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார், முன்னாலும் பின்னாலும் என்ன வார்த்தை வருகிறது என்பதையெல்லாம் காது தானாகவே சேர்த்துக்கொள்கிறது.

ஹிந்தியின் 'கல்' இன்னும் நல்ல உதாரணம். நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. வந்த புதிதில் இது என்ன அநியாயம் என்று தோன்றும். ஆனால் 'கல் ஆயா தா' என்றால் நேற்று வந்தான், 'கல் ஆயேகா' என்றால் நாளை வருவான். அந்த வார்த்தையை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அர்த்தம் கிடைக்காது, வாக்கியத்தின் கடைசியில் இருக்கும் வினைச்சொல்லில்தான் கிடைக்கும். அதுவரை காத்திருக்க நீங்கள் பழகியிருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

நான் 1996இல் கல்யாணமாகி இங்கே வந்தபோது ஒரு அரசு அலுவலக வாசலில் 'சமாஜ் கல்யாண்' என்று போர்டு பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். கல்யாணப் பதிவு நடக்கும் இடம் என்று நினைத்தேன். ஆனால் வரிசையில் நின்றவர்கள் வயதான அம்மாக்கள், கையில் பென்ஷன் புத்தகம். அப்படியானால் இது கல்யாணம் இல்லை, வேறு ஏதோ உதவி கொடுக்கும் இடம் என்று புரிந்தது. சமூக நலத்துறை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஹிந்தியில் 'கல்யாண்' என்றால் நலம். 'உபன்யாஸ்' என்றால் நாவல், 'சம்சார்' என்றால் உலகம். இந்த வார்த்தைகளை நம் ஊர் அர்த்தத்தோடு எடுத்துக்கொண்டு போனால் வாக்கியம் எங்கேயோ இடிக்கும். அந்த இடிப்பைக் கவனித்து "சரி, இது வேறு அர்த்தம்" என்று திருத்திக்கொள்வதுதான் நீங்கள் கேட்கும் திறமையே. புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை இங்கிலீஷ் பக்கம் திருப்ப வேண்டும்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த உத்தி என்று கோச்சிங்கில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பல பொருள் தரும் ஒரு சொல்லுக்கு எந்தப் பொருளை எடுப்பது என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் பேசுகிறது. வினையை வைத்து, இனத்தை வைத்து, சார்பை வைத்துத் தெரிந்துகொள் என்று மூன்று வழி சொல்கிறது. 'மா' என்றால் மரமும் உண்டு, குதிரையும் உண்டு. மா பூத்தது என்றால் மரம், பூப்பது என்ற வினை சொல்லிவிட்டது. மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் மருதமரம் நிற்கிறது, அதன் இனம்தான் இதுவும். கவசம் போட்டுக்கொண்டு நிற்கிறவன் மா கொண்டுவா என்றால் மாமரத்தைக் கேட்க மாட்டான், குதிரையைத்தான் கேட்பான், அது சார்பு. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள் இவை. பரீட்சை ஹாலில் இந்த மூன்று வார்த்தையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் கேள்வி உடைந்துவிடும். வினை, இனம், சார்பு.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அந்த வாக்கியத்தின் கருத்தைத் தமிழில் சொன்னால் இப்படி: 'அந்தச் சொற்பொழிவு ____ ஆக இருந்தபோதிலும் மாணவர்கள் கொட்டாவி விடாமல் கடைசிவரை கேட்டார்கள்.' கொடுத்த நாலு: லூசிட், டீடியஸ், ப்ரீஃப், ஆடிபிள். நீங்கள் லூசிட் போட்டிருக்கிறீர்கள். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் நோட்டில் லூசிட் என்றால் தெளிவான என்று இருக்கும், சொற்பொழிவு என்றதும் தெளிவான சொற்பொழிவு என்று மனது ஒட்டிவிட்டது, பென்சில் அங்கேயே போய்விட்டது. மாணவர்கள் கொட்டாவி விடாமல் கேட்டது உங்கள் கணக்கிலேயே வரவில்லை. தமிழில் நான் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். 'தெளிவாக இருந்தபோதிலும் கொட்டாவி விடாமல் கேட்டார்கள்' என்று ஒருவர் சொன்னால் உங்கள் அம்மாவே திரும்பிப் பார்ப்பார்கள், தெளிவாக இருந்தால் கேட்கத்தானே செய்வார்கள், எதற்கு 'போதிலும்' என்று. சலிப்பாக இருந்தபோதிலும் கேட்டார்கள் என்றால்தான் பொருந்தும். டீடியஸ்.

காரணம் சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான். தமிழில் விளக்கம் முன்னால் வரும், விளக்கப்படும் வார்த்தை பின்னால் வரும். 'காசை இரண்டு தடவை எண்ணுகிற, வந்தவருக்கு ஒரு வாய் டீ கொடுக்காத கிழவர்' என்போம். கிழவர் வருவதற்குள் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் கிழவர் முதலில் வந்துவிடுவார், 'ஹூ' என்று போட்டு அவருடைய குணமெல்லாம் பின்னால் வரும். தமிழில் படித்து வளர்ந்த கண் ஒரு வார்த்தைக்கு வரும்போது அதற்கான சாட்சியெல்லாம் முன்னாலேயே வந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறது. அதனால் கோடு வந்ததும் "சரி, இதுவரை படித்ததை வைத்து முடிவு செய்யலாம்" என்று நின்றுவிடுகிறது. இங்கிலீஷிலோ சாட்சி பாதி நேரம் கோட்டுக்குப் பிறகுதான் நிற்கிறது. முரண் காட்டும் வார்த்தையில் இது அப்படியே தலைகீழ். நம்முடைய 'போதிலும்', 'வந்தாலும்' என்பதில் வரும் 'ஆலும்' எல்லாம் வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் வரும், அவர்களுடைய ஆல்தோ, டிஸ்பைட், அன்லைக் எல்லாம் வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கும். வாசலில் நிற்பதைக் கவனிக்காமல் உள்ளே போய்விடுகிறோம்.

ஆகவே ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கோட்டில் நிற்காமல் முற்றுப்புள்ளி வரை போங்கள். முடிந்தால் அடுத்த வாக்கியத்தின் முதல் நாலு வார்த்தை வரை. கீழே இருக்கும் நாலு விடைகளை இடது கையால் மூடிக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரில் எழுதும்போது கண்ணை அந்தப் பக்கம் விடாதீர்கள். வாக்கியம் முடிந்ததும் கோட்டில் ஒரு தமிழ் வார்த்தை போட்டுப் பாருங்கள். சலிப்பாக, உம்மென்று, தாராளமாக, கஞ்சத்தனமாக, எது தோன்றுகிறதோ அது, சாதாரணப் பேச்சு வார்த்தையே போதும். அதற்கப்புறம் கையை எடுத்துவிட்டு உங்கள் தமிழ் வார்த்தைக்கு யார் பக்கத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். நாலு வார்த்தையையும் முதலில் பார்த்துவிட்டால் நாலுமே சரி போலத் தோன்றும், கேள்வி எழுதுகிறவர் அதற்காகத்தானே நாலையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிக்பாக்கெட்டுக்கு ____ ஆன மார்க்கெட். நீங்கள் ஃபேமஸ் போட்டிருக்கிறீர்கள், விடை நோட்டோரியஸ். இரண்டுக்கும் உங்கள் நோட்டில் 'பிரபலமான' என்றே எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். தமிழில் யோசியுங்கள். திருட்டுக்குப் பேர்போன இடம் என்போம், திருட்டுக்குப் புகழ்பெற்ற இடம் என்று சொல்ல மாட்டோம். பக்கத்தில் திருட்டு நிற்பதால் அதற்கு ஏற்ற வார்த்தைதான் வரும், தொல்காப்பியர் சொன்ன இனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் போதாது, அது மெச்சுகிறதா திட்டுகிறதா என்பதும் வேண்டும். அந்த டீ கொடுக்காத கிழவரைப் பற்றிய கேள்வி வந்து ஃப்ரூகல், மைசர்லி இரண்டும் கொடுத்திருந்தால்? ஃப்ரூகல் சிக்கனம், மைசர்லி கஞ்சத்தனம். காசை எண்ணியது மட்டும் என்றால் சிக்கனம் என்று சொல்லலாம், வந்தவருக்கு ஒரு வாய் டீ கூட இல்லை என்றதும் அது கஞ்சத்தனம் ஆகிவிட்டது. உங்கள் நோட்டில் ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடுங்கள், எதுவும் இல்லாதவற்றைச் சும்மா விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

மூன்றாவது கேள்வி அர்த்தத்தைப் பற்றியதே இல்லை. குழுவில் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்ற வாக்கியம், கோட்டுக்கு அடுத்து 'ஆஃப்' இருக்கிறது. நீங்கள் கம்ப்ரைஸஸ் போட்டிருக்கிறீர்கள், விடை கன்சிஸ்ட்ஸ். கன்சிஸ்ட் பின்னால் ஆஃப் கேட்கும், கம்ப்ரைஸஸ் கேட்காது, இன்க்லூட்ஸும் கன்டெயின்ஸும் கேட்காது. கோட்டுக்கு அடுத்த வார்த்தை ஒன்றே விடையைச் சொல்லிவிட்டது, பத்து செகண்ட் வேலை. இதே மாதிரி கோட்டுக்கு முன்னால் 'ஏ' இருக்கிறதா 'ஆன்' இருக்கிறதா என்று பார்ப்பதும் சில நேரம் இரண்டு விடைகளை அடித்துவிடும்.

இப்போது கொஞ்சம் சுற்றி வருகிறேன், ஆனால் இதுதான் உங்கள் நாலு நோட்டின் பிரச்சினை. பல் தேய்க்கிறோம், துணி துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம் அல்லது விளக்குகிறோம், வீடு பெருக்குகிறோம், ஒட்டடை அடிக்கிறோம், அரிசி களைகிறோம். எல்லாமே சுத்தம் செய்வதுதான். தமிழ் கற்றுக்கொள்ளும் உங்கள் பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மா இவை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'சாஃப் கர்னா' என்று எழுதி மனப்பாடம் செய்தால் என்ன ஆகும்? "நான் பல் துவைத்தேன், அரிசி பெருக்கினேன்" என்று பேசுவார். அர்த்தத்தில் தப்பு சொல்ல முடியாது, தமிழில் தப்பு. உங்கள் நோட்டு இங்கிலீஷை வைத்து இதைத்தான் செய்திருக்கிறது. வார்த்தையை அது வாழ்கிற வீட்டிலிருந்து தனியாகப் பிரித்து எடுத்து வந்துவிட்டீர்கள். மழைக்கு ஹெவி, டீக்கு ஸ்ட்ராங், காற்றுக்கும் ஸ்ட்ராங், ஆனால் ஸ்ட்ராங் ரெயின் என்று சொல்வதில்லை. மிஸ்டேக் என்றால் மேக், க்ரைம் என்றால் கமிட். இதற்கெல்லாம் காரணம் தேடிப் போகாதீர்கள், அரிசியை ஏன் களைகிறோம் என்று நாமும் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

அதனால் நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம், எழுதும் முறையை மாற்றுங்கள். இனிமேல் புதிய வார்த்தை எழுதும்போது அது கண்ணில் பட்ட முழு வாக்கியத்தையும் எழுதுங்கள், வார்த்தைக்கு முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் அடிக்கோடிடுங்கள், தமிழ் அர்த்தத்தைக் கடைசியில் சின்னதாக எழுதினால் போதும். ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை எழுதியவர் எட்டுதான் எழுத முடியும். பரவாயில்லை, எட்டும் நிற்கும்.

இடம் பொருள் தெரிந்து பேசும் விஷயம் இன்னொன்று இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையில் தலைவர் ஒருவர் காலமானார் என்று வரும், பஸ் கவிழ்ந்து மூன்று பேர் உயிரிழந்தனர் என்று வரும், பாம்பு செத்துக் கிடந்தது என்று பேசுவோம். பஸ் விபத்தில் மூன்று பேர் காலமானார்கள் என்று எழுதினால் படிக்கிறவருக்கு உடனே உறுத்தும். இங்கிலீஷிலும் இப்படியே. பத்தி முழுவதும் அரசு அறிக்கை மாதிரி விறைப்பாகப் போகும்போது நாலில் ஒன்று பேச்சு வழக்கு வார்த்தையாக இருந்தால் அதை முதலில் அடித்துவிடலாம். 'க்ளோஸ் டெஸ்ட்' என்று ஐந்து கோடுகளோடு ஒரு பத்தி வரும் அல்லவா, அதில் இது ரொம்ப உதவும். அந்தப் பத்தியை ஒரு தடவை கோடுகளை விட்டுவிட்டு முழுசாகப் படியுங்கள். வெள்ளத்தைப் பற்றியதா, பாராட்டா, எச்சரிக்கையா என்று தெரிந்த பிறகு முதல் கோட்டுக்கு வாருங்கள். பல நேரம் முதல் கோட்டின் விடை மூன்றாவது வாக்கியத்தில் வேறு வார்த்தையில் எழுதப்பட்டிருக்கும். காற்புள்ளி போட்டு, 'அல்லது' என்ற அர்த்தமுள்ள 'ஆர்' வந்தால், அல்லது ஒரு கோலன் வந்தால், பக்கத்திலேயே அர்த்தம் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், நம்ம 'அதாவது' மாதிரி.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். எல்லா வாக்கியமும் துப்பு தராது. 'விருந்தில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் மட்டும் மொரோஸாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.' மொரோஸ் என்றால் என்ன? கூச்சமா, களைப்பா, கோபமா, உம்மணாமூஞ்சித்தனமா? நாலுமே பொருந்துகிறது. அவள் மற்றவர்களோடு சேரவில்லை என்பதற்கு மேல் வாக்கியம் எதையும் சொல்லவில்லை. உம்மென்று என்பதுதான் அர்த்தம், அதை அகராதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஐசபெல் பெக் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1983இல் சூழல்களை நாலு வகையாகப் பிரித்தார்கள். அர்த்தத்தை நேராகக் காட்டுவது, ஓரளவு காட்டுவது, ஒன்றும் காட்டாதது, தப்பான பக்கம் இழுத்துப்போவது. ஆகையால் ஊகித்ததை ஊகமாகவே வைத்திருங்கள். அன்றைக்குச் சாயங்காலம் அகராதியில் சரிபார்த்துவிட்டால் அது மெட்ரோ கதவு மாதிரி, தப்பு என்றால் தப்பு என்று உடனே காட்டிவிடும். சரிபார்க்காத ஊகத்தைச் சேர்த்து வைத்தால் பரீட்சை நேரத்தில் காலை வாரும்.

எதைப் படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. கோச்சிங்கில் முதல் நாளிலிருந்தே இங்கிலீஷ் தினசரியின் தலையங்கத்தைப் படிக்கச் சொல்வார்கள். எல்லோருக்கும் அது முதல் படியாக இருக்க முடியாது. மார்செலா ஹூ, பால் நேஷன் என்ற இருவர் 2000இல் செய்த ஆய்வில், துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ளப் பெரும்பாலானவர்களுக்கு அதிலுள்ள வார்த்தைகளில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. 80 சதவீதம் தெரிந்த நிலையில் யாருக்குமே போதிய அளவு புரியவில்லை. 98 என்றால் ஐம்பது வார்த்தைக்கு ஒன்று தெரியாதது. முந்நூறு வார்த்தை உள்ள பக்கத்தில் ஆறு. அந்த ஆறையும் சுற்றியிருக்கும் தெரிந்த வார்த்தைகள் தாங்கிப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஐந்துக்கு ஒன்று தெரியாது என்றால் துப்புக் கொடுக்க வேண்டிய பக்கத்து வார்த்தைக்கே துப்புத் தேட வேண்டியிருக்கும். இருட்டில் இருட்டைத் துழாவுகிற மாதிரி. ஒரு பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். ஆறு, ஏழுக்கு மேல் போனால் இப்போதைக்கு அதை மூடிவிட்டு எளிதான ஒன்றை எடுங்கள், குழந்தைகள் கதைப் புத்தகமாக இருந்தாலும் சரி, விளையாட்டுப் பக்கமாக இருந்தாலும் சரி. அண்ணி என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காதீர்கள். மூன்று மாதத்தில் தலையங்கத்துக்கு நீங்களே போய்விடுவீர்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி. அந்த க்ளோஸ் முறையை 1953இல் உண்டாக்கியவர் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர். ஒரு கட்டுரை படிக்க எவ்வளவு கடினம் என்று அளப்பதற்காக, இத்தனை வார்த்தைக்கு ஒன்று என்று எடுத்துவிட்டு வாசகர்கள் அதை நிரப்புகிறார்களா என்று பார்த்தார். நீங்களும் அப்படியே செய்யலாம். தமிழில் தொடங்குங்கள், ஆமாம், தமிழில்தான். அண்ணியிடம் தமிழ் வார இதழின் ஒரு பக்கத்தைக் கொடுத்து ஏழு வார்த்தைக்கு ஒன்றைக் கறுப்பு மையால் அடிக்கச் சொல்லுங்கள். நிரப்பிப் பாருங்கள், முக்கால்வாசி சட்டென்று வரும். வந்ததும் நிறுத்தி, எதை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வினையா, பக்கத்து வார்த்தையா, பத்தியின் போக்கா? இரண்டு நாள் இதைச் செய்த பிறகு, நன்றாகப் புரியும் ஒரு இங்கிலீஷ் பக்கத்தில் இதையே செய்யுங்கள். விடைகள் ஏதும் கொடுக்காமல் வெறும் கோடு மட்டும். இங்கே நாலு விடை இல்லாததால் ஓடுவதற்கு இடமில்லை, வாக்கியத்திடம்தான் போயாக வேண்டும். என் வகுப்பில் தமிழில் ஆரம்பித்த பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபட்டதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன்.

நேரம் போதாதே என்று நினைப்பீர்கள். முதல் கட்டத் தேர்வில் 60 நிமிஷத்தில் 100 கேள்வி, சராசரி 36 செகண்ட். இங்கிலீஷ் 25 கேள்வி. கணக்கு நன்றாக வரும் என்கிறீர்கள், அதனால் கணக்கிலேயே பார்த்துவிடுங்கள். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தப்புக்கு அரை மதிப்பெண் போகும். நாலில் இரண்டை நிச்சயமாக அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தொட்டால் நீண்ட கணக்கில் ஒரு கேள்விக்கு முக்கால் மதிப்பெண் லாபம். வாக்கியத்தைக் கடைசிவரை படிக்க ஆகும் கூடுதல் நேரம் ஐந்து செகண்டுக்கு மேல் இருக்காது, அந்த ஐந்து செகண்ட்தான் இரண்டு விடைகளை அடித்துக் கொடுக்கிறது. சனிக்கிழமை மாக் டெஸ்டில் இங்கிலீஷ் பகுதியை மட்டும் இப்படி எழுதிப் பார்த்துவிட்டு, தப்பானவற்றில் எத்தனைக்குத் துப்பு கோட்டுக்குப் பின்னால் இருந்தது என்று எண்ணுங்கள்.

ஐயாயிரம் வார்த்தைப் புத்தகம் இப்போது வேண்டாம். இருக்கும் நாலு நோட்டிலேயே பரீட்சைக்குத் தேவையானதில் பெரும்பகுதி இருக்கும், அதில் பத்துப் பத்து வார்த்தையாக எடுத்து அவை வரும் முழு வாக்கியங்களைத் தேடி எழுதுங்கள். அந்தப் பணத்துக்கு வாக்கியத்தோடு அர்த்தம் தரும், மாணவர்களுக்கான நல்ல இங்கிலீஷ்–இங்கிலீஷ் அகராதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் புத்தகச் சந்தையில், இப்போது அது மகிலா ஹாட் என்ற இடத்தில் நடக்கிறது, பழைய பிரதி மலிவாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் உதாரண வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். அடுத்த தடவை எழுதும்போது தப்பான கேள்விகளை இந்த முறை போலவே முழு வாக்கியமாக அனுப்புங்கள், கூடவே முதலில் கோட்டில் எந்தத் தமிழ் வார்த்தையைப் போட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.